கொல்லை, ஓடை, ஏரி, பிளாட்டு: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவேரிப்பட்டணம் பக்கம் நில அளவை வேலை பார்க்கிறேன். செயின் இழுத்த காலத்தில் ஆரம்பித்தது, இப்போது கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு சாட்டிலைட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கல் தேடிப் போன ஊரிலெல்லாம் டீ கொடுத்தவர்கள் கூடவே ஒரு கேள்வியும் கொடுத்தார்கள். பார்த்தால் எல்லா ஊரிலும் அதே பத்துப் பன்னிரண்டு கேள்விகள்தான். போனில் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. விவகாரம் கேஸ் வரைக்கும் போய்விட்டால் வக்கீலைப் பாருங்கள்.

என் கொல்லை, என் பட்டா. அதில் நான் என்ன செய்தால் ஊருக்கு என்ன?

கொல்லை என்றால் எங்கள் பக்கம் பயிர் செய்கிற நிலம். அதில் ராகி விதைப்பதா, தக்காளி நடுவதா, பெங்களூரா மா வைப்பதா என்பது உங்கள் இஷ்டம், யாரும் கேட்க முடியாது. ஆனால் மேல்கொல்லையில் பெய்த மழை உங்கள் கொல்லை வழியாகத்தான் கீழே போகிறது. நம் இரண்டு மாவட்டமும் மேடும் பள்ளமுமான பூமி, ஒரு ஏரி நிரம்பிக் கோடி போனால்தான் (உபரி நீர் வழிந்தால்தான்) அடுத்த ஏரிக்குத் தண்ணீர். நடுவில் ஒருவர் நாலு டிப்பர் நொரம்பு (சரளை மண்) கொட்டி மூன்றடி உயர்த்திவிட்டால் மேலே இருக்கிறவருக்குத் தண்ணீர் தேங்கும், கீழே இருக்கிற ஏரி காயும். நான் அளக்கப் போன தகராறுகளில் பாதிக்கு மேல் எல்லைத் தகராறு என்ற பெயரில் வந்த தண்ணீர்த் தகராறுதான். வரப்பில் அரையடி கூடக் குறைய இருந்தால் அண்ணன் தம்பிகள் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். தண்ணீர் போகிற வழியை அடைத்தால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது.

நிலமோ மனையோ வாங்கும் முன்னால் எதைப் பார்க்க வேண்டும்?

வில்லங்கச் சான்றும் மூலப் பத்திரமும் எல்லோரும் பார்க்கிறார்கள். அது யார் நிலம் என்று சொல்லும், என்ன நிலம் என்று சொல்லாது. அதற்கு மூன்று காகிதம் வேண்டும்: அ-பதிவேடு (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம், எவ்வளவு பரப்பு என்ற வருவாய்க் கணக்கு), புலப்படம் (ஒரு சர்வே எண்ணின் அளவு வரைபடம்), கிராம வரைபடம். முதல் இரண்டும் வருவாய்த் துறையின் இ-சர்வீசஸ் தளத்தில் உட்கார்ந்த இடத்திலேயே கிடைக்கும். நீங்கள் வாங்கப்போகும் சர்வே எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள், அதைச் சுற்றியிருக்கும் நாலைந்து எண்களையும் தட்டிப் பாருங்கள். ஏதாவது ஒன்றில் "ஓடை", "வாய்க்கால்", "ஏரி உள்வாய்", "குட்டை" என்று வந்தால் அங்கே நிறுத்துங்கள். புலப்படத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோடுகள் ஜோடியாக வளைந்து வந்தால் அது பெரும்பாலும் ஓடை அல்லது வண்டிப்பாதை. அந்த இரண்டு கோடும் உங்கள் மனையை நோக்கி வந்து எல்லையோடு நின்றுவிட்டால், தரையில் அது எங்கே போனது என்று கேளுங்கள். தண்ணீர் நடுக்காட்டில் நின்றுவிடாது.

இதெல்லாம் தெரிந்தவன் ஏமாறமாட்டான் என்று நினைத்தால், நானே ஏமாந்தவன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு லேஅவுட்டில் நாலு சென்ட் வாங்கினேன். பார்க்கப் போனது சித்திரை மாதம், மட்டமான செம்மண், வெள்ளைக் கல் நட்டு, கொடி கட்டி, குளிர்பானம் வேறு கொடுத்தார்கள். ஐப்பசியில் போனால் முழங்கால் தண்ணீர். பதினொரு நாள் நின்றது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "இது ஏரிக்குக் கால்வா போற வழிப்பா, உனக்கு யாரும் சொல்லலையா?" என்று கேட்டது. ஊருக்கே தெரிந்த விஷயம் சர்வேயருக்குத் தெரியவில்லை. அதனால் நாலாவதாக ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: மழை பெய்த மறுநாள் ஒரு தடவை போய் நின்று பாருங்கள். அவசரப்படுத்துகிற புரோக்கரிடம், ஐப்பசி தாண்டி அட்வான்ஸ் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறுவதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

ஓடையில் இருபது வருஷமாகத் தண்ணீரே வரவில்லை. சேர்த்து உழுதால் என்ன குற்றம்?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். கேட்கிறவர் பெரும்பாலும் ஏற்கெனவே உழுதிருப்பார்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் நிலத்துக்குள் வந்து நின்றபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. நம் பக்கம் வருஷம் முழுக்கப் பெய்வதில் பாதிக்கு மேல் அந்த ஒரு நாளில் கொட்டியது. ஏரி நிரம்பி வந்த தண்ணீர், ரோட்டோரம் நின்ற வேன்களையும் கார்களையும் பொம்மை மாதிரி உருட்டிக்கொண்டு போனதை நாடே போனில் பார்த்தது. அரூர் பக்கமும் அதே நாட்களில் பேய்மழை. அன்றைக்கு வந்த தண்ணீர் புது வழி எதையும் தேடவில்லை, பழைய கிராம வரைபடத்தில் ஓடை எங்கே இருக்கிறதோ அங்கேதான் போகப் பார்த்தது. அங்கே கடையும் வீடும் வாழையும் இருந்தது நம் வேலை.

இருபது வருஷம் வரவில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மேலே யாரோ அடைத்திருப்பார்கள், இல்லையென்றால் ரோடு போட்டவர்கள் இருபதடி ஓடைக்கு ஒன்றரையடிக் குழாய் ஒன்றைப் பதித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஓடையைக் கொன்றுவிட்டு அது செத்துப்போச்சு என்று சாட்சி சொல்வது மாதிரிதான் இது.

சட்டப்படி ஓடை புறம்போக்கு எத்தனை வருஷம் உழுதாலும் உங்களுடையது ஆகாது. பி-மெமோ போட்டு அபராதம் கட்டிய ரசீதை பீரோவில் பத்திரமாக வைத்து, இதுதான் அனுபவ ஆதாரம் என்று காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது நீங்கள் ஆக்கிரமித்திருக்கிறீர்கள் என்பதற்கான ஆதாரம், ஐயா. 1905 நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி போடுகிற நோட்டீஸ் அது.

எங்கள் ஏரியை யார் பார்த்துக்கொள்ள வேண்டும்? ஆக்கிரமிப்புக்கு எங்கே மனு கொடுப்பது?

ஆயக்கட்டு, அதாவது ஏரி பாயும் நிலம், நூறு ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். இது தெரியாமல் மாற்றி மாற்றி மனு கொடுத்து, "எங்கள் எல்லைக்குள் வராது" என்ற பதிலை வாங்கியே ஒரு வருஷம் ஓடிவிடும். நீர்வளத் துறை ஏரிகளுக்கென்று 2007-இல் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. அளந்து எல்லை குறித்து, நோட்டீஸ் கொடுத்து, அகற்ற வேண்டும் என்பது அதன் வரிசை. மனுவில் "ஏரியைக் காப்பாற்றுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். சர்வே எண், அ-பதிவேட்டில் உள்ள பரப்பு, எந்தப் பக்கம் எவ்வளவு போயிருக்கிறது, இவ்வளவும் எழுதுங்கள். ஜமாபந்தியில் (தாலுகாவில் வருஷா வருஷம் நடக்கிற வருவாய்க் கணக்குத் தணிக்கை) கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். பதில் வரவில்லையென்றால் 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மனு எண் போட்டு, என்ன நடவடிக்கை என்று கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

ஏரிக்குள் வீடு கட்டி இருக்கிறவர்கள் எல்லோரும் திருடர்கள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாதிப் பேர் எங்கோ இடமில்லாமல் வந்தவர்கள், மீதிப் பேரிடம் யாரோ பணம் வாங்கிக்கொண்டு விற்றிருப்பார்கள். அவர்களுக்கு மாற்று இடம் கேட்பதையும் அதே மனுவில் எழுதுங்கள்.

காவிரி உபரி நீர் வந்துவிட்டால் ஏரியெல்லாம் நிரம்பிவிடுமே?

ஒகேனக்கல்லில் வெள்ளமாகப் போகிற தண்ணீரைத் தர்மபுரி ஏரிகளுக்குத் திருப்ப வேண்டும் என்பது பல வருஷக் கோரிக்கை, நியாயமான கோரிக்கை, நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் ஒரு ஏரியிலிருந்து இன்னொரு ஏரிக்குப் போகிற கால்வாய் தரையில் இருந்தால்தானே? பைப்பில் கொண்டுவந்து முதல் ஏரியில் விடலாம், ஒவ்வொரு ஏரிக்கும் தனித்தனியாகப் பைப் போட முடியாது.

டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் இருக்கிறது என்கிறார்கள். அது போதுமா?

இல்லாததற்கு இருப்பது நல்லது. 2016-இல் உயர்நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப்பதிவைத் தடுத்த பிறகுதான் நம் பக்கம் பலருக்கு அப்ரூவல் என்ற சொல்லே தெரிய வந்தது. 2016 அக்டோபர் 20-க்குள் விற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதி போட்டார்கள். வரன்முறை என்பது பத்திரத்துக்குக் கிடைத்த மன்னிப்பு, மண்ணுக்குக் கிடைத்த மன்னிப்பு இல்லை. தண்ணீர் நிற்கிற இடத்தில் அப்ரூவலோடும் நிற்கும்.

லேஅவுட் வரைபடத்தில் நான் முதலில் பார்ப்பது திறந்தவெளி ஒதுக்கீடு எங்கே என்று. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல் இருக்கிற லேஅவுட்டில், ரோடு போக மீதியில் 10 சதவீதத்தைப் பூங்கா, விளையாட்டு மைதானம் என்று உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுக்க வேண்டும். அந்த இடம் பெரும்பாலும் பாறை, இல்லையென்றால் குழி. குழியைக் கொடுத்திருந்தால் ஒருவிதத்தில் நல்லது, குட்டையாக விட்டுவிடலாம். பிறகு அதையே மூடிக் கோயில் கட்டாமல் இருந்தால் சரி.

முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) இல்லாத ஊர்ப்பக்கம் விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற, 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-அ பிரிவில் அனுமதி வாங்க வேண்டும், நஞ்சை என்றால் கலெக்டர் ஒப்புதல் வேண்டும். அந்தக் கட்டம் வருவதற்கு முன்பே இரண்டு மூன்று வருஷம் நிலத்தைத் தரிசாகப் போட்டு, முள் வளரவிட்டு, "விவசாயம் நடக்கவில்லை" என்று காட்டுவது ஒரு பழைய வித்தை. ஏரி நிரம்பி மதகு திறந்தால் பக்கத்து வயலில் நெல் நிற்கும், இதில் மட்டும் பார்த்தீனியம் நிற்கும்.

முழுமைத் திட்டம் என்கிறார்களே, அது என்ன?

மாஸ்டர் பிளான். எந்த சர்வே எண் குடியிருப்பு, எது தொழிற்சாலை, எது விவசாயம், எது நீர்நிலை என்று கலர் அடித்து வைக்கிற வரைபடம். நகர் ஊரமைப்பு இயக்ககம் தயாரிக்கும். ஓசூர் மாநகராட்சி ஆகிவிட்டது, பெங்களூரு இந்தப் பக்கம் வழிந்துகொண்டிருக்கிறது, சூளகிரி வரைக்கும் ரோட்டோரம் கொல்லை என்று ஒன்று பார்க்க முடியவில்லை. அதனால் ஓசூர் பக்கத்துக்காரர்களுக்கு இந்த வரைபடம்தான் ஜாதகம்.

வரைவு வெளியிட்டபின் ஆட்சேபணை சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். யாரும் போவதில்லை. பக்கத்து நிலத்துக்கு ஆரஞ்சு அடித்து நம் நிலத்துக்குப் பச்சை அடித்துவிட்டார்கள் என்று சண்டை போடப் போகிறவர்கள் உண்டு, ஓடைக்கு நீலமே அடிக்கவில்லை என்று சொல்லப் போனவரை நான் பார்த்ததில்லை. அதைச் சொல்ல அந்த இரண்டு மாதத்தைவிட்டால் வேறு நல்ல சமயம் கிடையாது. விட்டுவிட்டால் அதன்பின் ஒவ்வொரு லேஅவுட்டாகச் சண்டை போட வேண்டும்.

ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் நுரை வருகிறதே, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

தென்பெண்ணை நந்திமலைப் பக்கம் பிறந்து, பெங்களூருவின் கிழக்குப் புறநகரைச் சுற்றிக்கொண்டு நம்மிடம் வருகிறது. அங்கே வளர்ந்த வீடுகளின், ஆலைகளின் கழிவு அதே ஆற்றில் இறங்குகிறது. ஷட்டர் திறக்கும்போது தண்ணீர் அடிபட்டு சோப்பு நுரை ரோடு வரைக்கும் ஏறும். அடுத்த மாநிலத்தின் நில உபயோகம் நம் கீரைப் பாத்திக்குள் வந்து நிற்கிறது, அவ்வளவுதான். கோபப்படலாம். கோபப்பட்ட கையோடு, ஓசூர் பக்கம் புதிதாக வரும் லேஅவுட்டுகளின் கழிவு நீர் எந்த ஏரியில் விழுகிறது என்றும் பாருங்கள், ஏனென்றால் நமக்குக் கீழே கிருஷ்ணகிரி அணையும் அதற்குக் கீழே சாத்தனூரும் இருக்கின்றன.

ஏரி வண்டல் எடுக்கலாமா?

தாராளமாக. முறையாக விண்ணப்பித்தால் விவசாயத்துக்குக் காசில்லாமல் தருகிறார்கள், 2024 முதல் தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம் என்று எளிதாக்கிவிட்டார்கள். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90. ஏரியும் ஆழமாகும், கொல்லைக்கும் நல்லது. பிரச்சினை வண்டல் என்ற பெயரில் நொரம்பு போவதில்தான். மேல்மண் ஒரு முழம் கறுப்பாக வரும், அதற்குக் கீழே சிவப்பாகச் சரளை வர ஆரம்பித்தால் அது கொல்லைக்குப் போகிற மண் இல்லை, லேஅவுட்டுக்குப் போகிற மண். இன்னொன்று, கரையை ஒட்டி நோண்டக் கூடாது. கரையின் கால் இளகினால் அடுத்த மழையில் ஏரி ஊருக்குள் வரும்.

எங்கள் ஊரில் குவாரி வரப்போகிறதாம். தடுக்க முடியுமா?

பர்கூர் பக்கத்துக் கிரானைட் கல்லுக்கு வெளிநாடு வரைக்கும் பெயர். அந்தப் பெயரோடு தூசியும் வெடிச் சத்தமும் வந்தது. எல்லாக் குவாரியையும் தடுக்க முடியாது, தடுக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை, கல் அறுத்துப் பிழைக்கிற வீடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் விதி இருக்கிறது. 1959 சிறு கனிம விதிகளில், குடியிருப்புக்கு 300 மீட்டருக்குள் கல் குவாரிக்குக் குத்தகை தரக்கூடாது. வன உயிரின சரணாலய எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கூடாது.

அக்கம்பக்கக் குவாரிகளையும் சேர்த்து 5 ஹெக்டேரைத் தாண்டினால் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். 30 நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும், சுற்றுச்சூழல் ஆய்வறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும், கூட்டத்தை வீடியோ எடுக்க வேண்டும். அங்கே போய் ஆளாளுக்குக் கத்தினால் மினிட்ஸில் "பொதுமக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர்" என்று ஒரு வரிதான் ஏறும். என்ன பேசுவது என்றால், முந்தின வாரமே குவாரி எல்லையிலிருந்து முதல் வீட்டுக்கு டேப் பிடித்து அளந்து வாருங்கள். 260 மீட்டர் என்று வந்தால் அந்த எண்ணைச் சொல்லுங்கள். சுற்றியுள்ள கிணறுகளின் ஆழம், இப்போதைய நீர்மட்டம், குவாரிக்குள் ஓடுகிற ஓடையின் சர்வே எண், இதையெல்லாம் எழுத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். ஒரு ஊரில் அறிக்கையில் "நீர்நிலை எதுவும் அருகில் இல்லை" என்று எழுதியிருந்தது. ஒரு பையன் எழுந்து, இவர்கள் போட்டிருக்கும் வரைபடத்திலேயே ஏரி இருக்கிறதே என்று விரலை வைத்துக் காட்டினான். மேடையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

யானை கொல்லைக்குள் வருகிறது. இதற்கும் நில உபயோகம்தானா காரணம்?

பெரும்பாலும். பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் வழியாக யானைகள் குளிர்காலத்தில் வருவது காலங்காலமாக உள்ளதுதான், சரியாக ராகி அறுவடைக்கு வந்து நிற்கும். 2014-இல் காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம் அறிவித்தார்கள், 2022-இல் காவிரி தெற்கு. காட்டுக்குப் பாதுகாப்பு வந்தது, காட்டுக்கும் காட்டுக்கும் நடுவில் இருக்கிற பட்டா நிலத்தில்தான் பண்ணை வீடும் காம்பவுண்டும் கண்ணாடிப் பசுமைக்குடிலும். யானை சுற்றிப் போகிறது, சுற்றிப் போனால் நம் கொல்லை.

கரண்டு வேலி மட்டும் வேண்டாம். 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி பக்கம் ஒரு கொல்லையில் திருட்டுக் கரண்டு விட்ட வேலியில் மூன்று பெண் யானைகள் செத்தன, இரண்டு குட்டிகள் தப்பி அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தன. சோலார் வேலி போடலாம், அதற்கும் 2023 விதிப்படி வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும். ஊர் சேர்ந்து ஒரே சமயத்தில் விதைத்து ஒரே வாரத்தில் அறுத்தால் காவல் இருக்கிற இரவுகள் குறையும், இது பெரியவர்கள் செய்த வேலை.

ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணீர் இல்லை. என்ன செய்வது?

ஆயிரத்து இருநூறு போகாதீர்கள். நம் பூமி பாறை, தண்ணீர் பாறை வெடிப்பில்தான். மேலிருந்து இறங்குவதற்கு வழியில்லாதபோது ஆழம் போனால் கடன்தான் ஆழமாகும். அதோடு ஃபுளோரைடு. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது அளவு, தர்மபுரிப் பக்கம் பல ஊர் போர் தண்ணீர் அதைத் தாண்டியதால்தான் பிள்ளைகளுக்குப் பல்லில் காவிக்கறை. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் அதற்காகவே வந்தது, 2013-இல் தொடங்கினார்கள். காய்ச்சினால் போய்விடும் என்று நினைக்காதீர்கள், காய்ச்சினால் தண்ணீர்தான் வற்றும், ஃபுளோரைடு அப்படியே இருக்கும்.

ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் நாற்பதாயிரம் லிட்டர். சரிவுக்குக் குறுக்கே உழுதாலே அதில் கொஞ்சம் நிற்கும். மாந்தோப்பில் சரிவோடு டிராக்டர் ஓட்டுவதை விடுங்கள், முதல் மழையிலேயே செம்மண் ரத்தம் மாதிரி ஓடும். தோப்பின் கீழ்க்கோடியில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டி, கல்வரப்பு ஓரம் புளியும் புங்கனும் வையுங்கள். தூர்ந்துபோன பழைய கிணற்றை மூடாதீர்கள், வண்டலை வடிகட்டி அதற்குள் மழைத்தண்ணீரை விடுங்கள்.

கிராம சபையில் தீர்மானம் போட்டால் செல்லுமா?

வருஷத்துக்கு ஆறு தடவை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம் என்பதால் ஏரி விஷயத்துக்கு அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். தீர்மானம் மட்டுமே ஒரு குவாரியையோ லேஅவுட்டையோ நிறுத்திவிடாது, ஆனால் பின்னால் எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் முதலில் கேட்கிற காகிதம் அதுதான். தீர்மானப் புத்தகத்தில் வெற்று இடம் விட்டுக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

ஓடையை அளந்து கல் நட நீங்கள் வருவீர்களா?

பட்டா நிலம் என்றால் வருவேன். புறம்போக்கை அளந்து எல்லை சொல்லும் அதிகாரம் அரசு நில அளவருக்குத்தான், நான் நட்டால் அது வெறும் கல். உங்கள் நிலத்து எல்லைக்கு நீங்களே இணையத்தில் பணம் கட்டி அளவைக்கு விண்ணப்பிக்கலாம், ஓடைப்பக்கத்து எல்லை சரியாகக் குறிக்கப்பட்டாலே ஓடை எங்கே என்று தெரிந்துவிடும். அளக்க வருவதற்கு முந்தின நாள் முள்ளை வெட்டி வையுங்கள், பக்கத்துக் கொல்லைக்காரருக்கும் சொல்லிவிடுங்கள். பழைய கல் எங்காவது சாய்ந்து கிடந்தால் நிமிர்த்தி வைக்கிறேன் என்று கை வைக்காதீர்கள். அது கிடக்கிற இடம்தான் எங்களுக்கு வேண்டும்.